சுறாவைக் கொண்டுபோனது பூனை அல்ல

மகன்,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரி. நீ வேலைக்குப் போய்விட்டாய், அப்பா சங்கக்கடைக்குப் போயிருக்கிறார், நான் உன் புது மேசையில், நீ இன்னும் ஒருநாளும் இருந்து பார்க்காத கதிரையில் இருந்து எழுதுகிறேன். வாயால் சொல்லத்தான் நினைத்தனான். செவ்வாய்க்கிழமை காலமை இடியப்பத்துக்குச் சொதி விட வந்தபோது சொல்ல நினைத்தேன். நேற்று உன் சேட்டுக்குப் பொத்தான் தைத்தபோது சொல்ல நினைத்தேன். பதின்மூன்று வருசம் மூடிக் கிடந்த வாய் ஒரு கிழமைக்குள் திறக்க மாட்டேன் என்கிறது. கை பரவாயில்லை, எழுதுகிறது. கலியாணக் கதை எடுக்க மாட்டேன், பயப்படாமல் வாசி.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து உனக்குக் கடிதம் வந்த அன்று, நான் குசினியில் நின்று கண்ணைத் துடைத்தது வெங்காயத்தால் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இருக்கவில்லை. இணையவழியில் உயிரியல் பட்டப்படிப்பு! கொழும்புக்குப் போகத் தேவையில்லை, ஆமியிடம் பாஸ் எடுக்கத் தேவையில்லை, ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் பஸ்ஸால் இறங்கி நடந்து மறுபடி ஏறத் தேவையில்லை. பாதையைப் பூட்டினாலும் பாடத்தை ஒருவரும் பூட்ட ஏலாது. "எனக்கு இடம் தந்திருக்கினம், அம்மா" என்று சொன்னபோது உன் முகத்தில் மீசை இருந்தது, குரலில் பழைய பள்ளிக்கூடப் பெடியன் இருந்தான். அன்று பின்னேரம் நானும் அப்பாவும் மேசையை எங்கே போடுவது என்று சண்டை பிடித்தோம். ரெலிபோன் வயர் சாமியறைச் சுவர்வரைக்கும்தான் வருகிறது. அந்தச் சுவரில் முப்பது வருசமாகப் பிள்ளையார் இருக்கிறார். நான் தேங்காய் உடைத்து, "அப்பனே, பிள்ளையின் படிப்பு, கொஞ்சம் அங்காலே தள்ளி இரும்" என்று கேட்டு, படத்தைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினேன். அப்பா ஆணி அடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளையாரே எழும்பி வழி விட்டிட்டார். இனி உன்ரை மகன் வந்து இருந்தாச் சரி."

வேறும் ஆயத்தம் செய்து வைத்திருக்கிறேன். மின்சாரம் எந்தெந்த நேரம் போகிறது என்று ஒரு மாதமாகக் கொப்பியில் குறித்தேன். பின்னேரம் விளக்கேற்றும் நேரத்தில் போனால் போனதுதான், சாப்பாட்டு நேரம்வரை வராது. விடியக் காலமையில் இதுவரை ஒரேயொரு நாள்தான் போனது. ஆகவே நீ விடிய எழும்பிப் படி, தேத்தண்ணி என் பொறுப்பு. கம்பியூட்டரும் அதே ரெலிபோன் வயரில்தான் ஓடுகிறதாம், நீ படிக்கும் நேரம் வெளியார் ஒருவரும் நமக்கு ரெலிபோன் எடுக்க ஏலாதாம். அப்பாவுக்கு அது பெரிய சந்தோசம். துறைமுகத்துக்குள் நேவிக்காரர் வெடி போடும்போது யன்னல் அதிர்கிறதே, அந்தக் கம்பியூட்டர் பெட்டி மேசையில் ஆடாமல் இருக்க நாலு மூலைக்கும் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்தேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

இவ்வளவும் செய்து முடித்திருக்க, செவ்வாய்க்கிழமை நீ என்ன சொன்னாய்? வருகிற திங்கட்கிழமைக்குள் சம்மதக் கடிதம் போகவேண்டும், கையெழுத்து வைத்தாயா என்று கேட்டேன். நீ இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னாய்: "வேண்டாம், அம்மா. எனக்கும் உயிரியலுக்கும் ராசி இல்லை. அதைப் பூனை அப்பவே சொல்லிப்போட்டுது." நான் சொதியை உன் கோப்பைக்குப் பக்கத்தில் மேசையில் ஊற்றினேன். வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். அது வயசு இல்லை, மகன்.

அந்தப் பூனை உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சுறாவைக் கொண்டுபோனது பூனை அல்ல. நான்.

இனி ஒழுங்காகச் சொல்கிறேன். நீ உயர்தரச் சோதனை எடுத்த வருசம். நேவிக்காரர் மீன்பிடிக்கக் கடலுக்கு ஒரு நாள் விடுவார்கள், நாலு நாள் விட மாட்டார்கள். சந்தையில் கருவாடும் நெத்தலியும்தான். பக்கத்து வீட்டு ரமீசாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து பத்து நாள். புருசன் கிண்ணியாவில் அகப்பட்டுக்கொண்டார், படகு ஓடவில்லை. பிள்ளைக்குப் பால் காணாது. மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தச் சின்னது கத்தும்போது இந்தப் பக்கம் எனக்குக் கைவேலை ஓடாது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா வறையைப்போல ஒன்று இல்லை என்று உனக்குத் தெரியும், இந்த ஊரில் ஆருக்குத்தான் தெரியாது. சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவரும் சின்னத்துரை அண்ணையிடம் சொல்லி வைத்தேன்: "ஒரு சின்னப் பால்சுறா பட்டாலும் எனக்கு எடுத்து வையுங்கோ." அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

எனக்குத் தெரியாதது, நீயும் அவரிடம் போனாய் என்பது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் செய்முறைச் சோதனை. சுறாவை வெட்டி உள்ளுறுப்புக் காட்டவேண்டும், நீ அதுவரை ஒன்றையும் வெட்டிப் பழகவில்லை. வெள்ளிக்கிழமை விடிய சல்லிக்குச் சைக்கிளில் போய், பட்ட ஒரே ஒரு சுறாவைக் கெஞ்சி வாங்கி, சென்றியில் ஆமிக்காரன் துவக்கு முனையால் பொதியைக் குத்திப் பார்க்க நின்று, மத்தியானம்போல வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாய். பிறகு அதை வாளியில் போட்டு, ஈரச்சாக்கால் மூடி, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, வெட்டிப் பார்க்கிற கத்தரி, ஊசி இருக்கிற பெட்டியை இரவல் வாங்கச் சிநேகிதன் வீட்டுக்குப் போனாய். ஏன் ஒளித்தாய்? வெள்ளிக்கிழமை இந்த அம்மாவிடம் "மீன் கொண்டுவந்திருக்கிறன்" என்று சொல்லும் துணிவு அந்தக் காலம் இந்த வீட்டில் ஒருவருக்கும் இருக்கவில்லை. என் வெள்ளிக்கிழமை அப்படி. விடிய வீடு கழுவினால் மச்சச் சட்டி பின்பக்கம் போய்விடும், விளக்கேற்றும்போது வளவுக்குள் மீன் வாடை இருக்கப்படாது. நான் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். என் பிள்ளைக்கு அது பயமாக இருந்திருக்கிறது. இதை எழுதவே எனக்கு வெட்கம்.

கோயிலால் வந்தனான். கால் கழுவக் கிணற்றடிக்குப் போனால் சாக்குக்குக் கீழே ஒரு வால் தெரிகிறது. தூக்கிப் பார்த்தேன். சுறா! ஒரு முழ நீளம், சாம்பல் நிறம், கண் கூட மங்கவில்லை. சின்னத்துரை அண்ணை வந்து ஆள் இல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். வேறெப்படி நினைப்பேன்? எனக்கு வந்த அவசரத்தைக் கேள். வெள்ளிக்கிழமை வளவுக்குள் மீன். விளக்கேற்ற மூன்று மணித்தியாலம். அங்கே ரமீசா. நான் கூரைக்குக் கீழே கொண்டுபோகவில்லை. பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். வயிற்றைக் கீறி உள்ளே இருந்ததெல்லாவற்றையும் வழித்து எலுமிச்சைக்குக் கீழே தாட்டேன். உனக்கு வேண்டியது அத்தனையும், மகன். ஈரல், குடல், இதயம், எல்லாவற்றுக்கும் மேலே மண் போட்டுக் காலால் மிதித்தவள் நான். பிறகு அவித்து, தோலுரித்து, உதிர்த்து, மஞ்சளும் மிளகும் உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்தேன். ஒரு சிட்டிகை வாயில் வைத்துப் பார்க்கவில்லை, விரதம். ஆனால் மணத்தில் தெரியும், என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு வறை நான் செய்ததில்லை.

ரமீசா கோப்பையை வாங்கி ஒரு வாய் போட்டாள். "அக்கா, இது எங்கால? கடல் பூட்டில்லையா?" என்றாள். "அல்லாவும் அம்மனும் சேர்ந்து அனுப்பினது, நீ தின்" என்றேன். அவள் அழுதுகொண்டே தின்றாள். நான் வீட்டுக்கு வந்து கிணற்றடி முழுக்க மஞ்சள் தண்ணி தெளித்து, குளித்து, சாம்பிராணி காட்டி நிமிர, நீ சைக்கிளைப் போட்ட சத்தம். அதற்குப் பிறகு உன் சத்தம்.

"அம்மா! என்ரை சுறா எங்கை?"

என்ரை சுறா. அந்த இரண்டு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையில் இரவல் பெட்டியோடு நீ வெறும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கிணற்றுக்கட்டில் ரமீசா வீட்டு மஞ்சள் பூனை சுல்தான் இருந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சையடியில் கிளறியிருக்கும் போல. நீ அதைப் பார்த்தாய்.

"இந்தக் கள்ளன்! அம்மா, இவன்தானே?"

"ஓம் மகன். இவனாத்தான் இருக்கும்."

இவ்வளவுதான் நான் சொன்ன பொய். குளித்து நீறு பூசி, ஈரத் தலையோடு சொன்னேன். உன் படிப்பை எடுத்துச் சமைத்துவிட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. ஆனாலும் கேட்கிறேன், ஒரு முழச் சுறாவை ஒரு பூனை, சாக்கையும் மடித்து வைத்துவிட்டு, ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் எப்படிக் கொண்டுபோகும்? உயிரியல் படிக்கிற பிள்ளை, நீயாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சனிக்கிழமை தொடக்கம் மறுபடியும் கடல் பூட்டு. வேறு சுறா கிடைக்கவில்லை. சோதனையில் எங்கே வெட்டுவதென்று தெரியவில்லை என்று வந்து சொன்னாய். பிறகு உயர்தரச் சோதனை முடிவு வந்தபோது பல்கலைக்கழக இடம் கொஞ்சப் புள்ளியில் தவறியிருந்தது. ஒரு சுறாவால் நீ பல்கலைக்கழகம் போகவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வருசம் பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது, விளக்கில் படித்தாய், இரண்டு தரம் ஆமிச் சுற்றிவளைப்பில் கொண்டுபோய் வெயிலில் இருத்தினார்கள். ஆனால் இரண்டாம் தரம் எடு என்று எல்லாரும் சொன்னபோது நீ சொன்னது என்ன? "கடவுளுக்கு விருப்பமில்லை. இல்லாட்டி அந்தப் பூனை ஏன் அன்றைக்குப் பார்த்து வரவேணும்?" அந்த நேரம் நான் வாய் திறந்திருக்க வேண்டும். என் குற்றத்தைத் தூக்கித் தெய்வத்தின் தலையில் போட்டுவிட்டு, அதே தெய்வத்துக்கு ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைத்தவள் நான். அம்மனிடம் பலமுறை சொல்லிவிட்டேன். அவ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. சொல்லவேண்டிய இடம் அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு அன்றைக்கே தெரியும். வேலையால் வந்து பின்பக்கம் போனவர், "வெள்ளிக்கிழமையில வறை மணக்குது, நான் செத்துச் சொர்க்கத்துக்கு வந்திட்டனோ?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கப் போனவர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு வருசத்தில் ஒருதரமாவது, நீ இல்லாத நேரம் பார்த்து, "பூனைக்கு எப்ப விடுதலை?" என்று கேட்பார். பாவம் சுல்தான். நீ கண்டால் கல் எடுத்தாய், நான் பின்னால் போய் மீன்தலை போட்டேன். வெள்ளிக்கிழமை தவிர. நம் வீட்டைப் பற்றி அது என்ன நினைத்துக்கொண்டு செத்ததோ தெரியாது.

உன் உயிரியல் புத்தகத்தை நீ அலுமாரியின் அடித்தட்டில் போட்டாய். நான் எடுத்து வாசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், ஒரு பக்கத்துக்கு ஒரு கிழமை எடுத்தது. இப்போது மூன்றாம் தரமாக வாசிக்கிறேன். சுறாவின் உடம்பில் எலும்பே இல்லையாம், எல்லாம் காதுமடல்போல வளைகிற கசியிழையமாம். அப்போதுதான் விளங்கியது, ஏன் அது கையில் அப்படிப் பஞ்சாக உதிர்ந்தது என்று. மற்ற மீனைப்போலக் காற்றுப்பை இல்லையாம், ஈரலில் இருக்கிற எண்ணெய்தான் அது தாழாமல் பார்த்துக்கொள்ளுமாம். நான் மிதித்துத் தாட்ட அந்த ஈரல்! படித்த அன்று எனக்குக் கோயிலில் தீபம் பார்த்ததுபோல இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அளந்து அளந்து கொடுத்திருக்கிறானே ஒருவன், அதை எழுதி வைக்க ஒரு கூட்டம் இருக்கிறதே, அந்தக் கூட்டத்தில் என் பிள்ளையும் இருக்கவேண்டும் என்று அன்றைக்கு ஆசைப்பட்டனான்.

வீட்டுக்கு வந்தது, வீட்டால் போனது எல்லாம் நான் எழுதி வைக்கிற பழக்கம் உனக்குத் தெரியும். அந்த வருசக் கொப்பியை நேற்று எடுத்துப் பார்த்தேன். 'வெள்ளி. சுறா ஒன்று. ரமீசாவுக்கு' என்று இருக்கிறது. ஆர் தந்தது என்கிற இடம் மட்டும் வெறுமை. என் கொப்பிகளில் வேறெங்கும் அப்படி ஒரு வெறும் இடம் இல்லை. நேற்று அதில் உன் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு அதே சூட்டோடு மதிலடிக்குப் போய் ரமீசாவிடமும் சொன்னேன்.

அவள் சிரித்த சிரிப்பில் ஒழுங்கைச் சனம் முழுக்க எட்டிப் பார்த்தது. "அடி அக்கா! அப்ப நான் தின்டது தம்பிட சோதினையா?" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அண்டு இரவுதான் இவள் முதல்முதலா வயிறு நிறைஞ்சு படுத்தவள். நான் மறக்கல்ல" என்றாள். இவள் என்றது பஸ்னா. பின்னேரத்தில் விஞ்ஞானக் கொப்பியோடு மதிலில் ஏறி இருந்துகொண்டு, "மாமா, பச்சையம் எண்டா என்ன, மாமா, ஒளித்தொகுப்பு எண்டா என்ன" என்று உன் உயிரை வாங்குகிறாளே, அவள்தான் அந்தச் சுறாவைக் குடித்து வளர்ந்த பிள்ளை. நீ அவளுக்கு இலையைப் பிய்த்துக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறதை நான் குசினி யன்னலால் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் உன் முகத்தில் இருக்கிறது ராசி இல்லாதவன் முகமா? கதையைக் கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அப்ப எனக்கும் அந்த வறை வேணும். உம்மா மட்டும் தின்டா எப்படி?"

இப்போது நான் உனக்குச் சொல்ல வந்தது. கடவுள் உன்னிடம் ஏதாவது சொல்ல நினைத்திருந்தால் உன்னிடமே சொல்லியிருப்பார், பக்கத்து வீட்டுப் பூனையை அனுப்பியிருக்க மாட்டார். சகுனம் என்று நீ பதின்மூன்று வருசம் சுமந்தது உன் அம்மாவின் அவசரம், அவ்வளவுதான். அதை இறக்கி வை. என்னில் கோபம் வந்தால் கோபப்படு, இரண்டு நாள் கதைக்காமல் இரு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கோபத்தோடேயே கையெழுத்தை வை. இன்னொன்று, இது எனக்கும் சேர்த்துச் சொல்வது: வீட்டுக்குள் ஒன்றையும் சாக்கால் மூடி வைக்காதே. நீ சுறாவை மூடினாய், நான் அதற்கு மேலே பொய்யை மூடினேன். நீ அன்றைக்கு "அம்மா, இது என்ரை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் "இது ஆருடையது?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால், அந்த ஒரே சுறா இரண்டு பேருக்கும் போதுமாக இருந்திருக்கும். உனக்கு வேண்டியது உள்ளே இருந்தது, எனக்கு வேண்டியது வெளியே இருந்தது.

படிப்பு தொடங்க முன்னம் வீட்டில் செய்யவேண்டிய ஆயத்தம் என்று பல்கலைக்கழகம் ஒரு தாள் அனுப்பியிருக்கிறதே, நீ மேசைக்குக் கீழே போட்டது, அதை அகராதி வைத்து வாசித்தேன். ஏதாவது ஒரு மீனை முழுதாக எடுத்து, வெட்டி, உள்ளே இருப்பதைப் படம் கீறி வைத்திருக்கட்டாம். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று விடிய சின்னத்துரை அண்ணையிடம் சொன்னேன். அவருக்கு அந்தக் காலத்துக் கதையும் தெரிந்திருந்தது. "உங்களுக்கெண்டு வைச்சதைத்தான் தங்கச்சி, தம்பி கேட்டு அழுதான் எண்டு குடுத்தனான். ஒரே வீடுதானே எண்டு நினைச்சன்" என்றார். நாளன்றைக்குச் சனிக்கிழமை கடலுக்கு விடுகிறார்களாம். சுறா பட்டால் சுறா, படாவிட்டால் வேறெந்த மீனென்றாலும் கொண்டுவருவார்.

வாளி கிணற்றடியில் கல்லுக்கு முன்னால் இருக்கும், சாக்கு இருக்காது. குசினி மேசையை உனக்கு ஒதுக்கித் தருகிறேன். ஓம், குசினிக்குள்ளேதான், அங்கேதான் வெளிச்சம் நல்லது. பென்சில் சீவி வைத்திருக்கிறேன். பஸ்னா வந்து பக்கத்தில் நின்று ஆயிரம் கேள்வி கேட்பாள், சொல்லிக் கொடு. அப்பா வந்து வறை எப்போது என்று கேட்பார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அவசரப்படாமல் ஆறுதலாக வெட்டு, ஆறுதலாகப் படம் கீறு, ஈரலை எனக்கும் ஒருதரம் கூப்பிட்டுக் காட்டு. மத்தியானம் ஆனாலும் சரி, பின்னேரம் ஆனாலும் சரி, எல்லாம் பார்த்து முடித்து, "சரி அம்மா, இனி எடுங்கோ" என்று உன் வாயால் நீ சொல்லும்வரைக்கும் நான் சட்டியை அடுப்பில் வைக்க மாட்டேன்.

உன் அம்மா